‘ஃபராகோ’ என்றால் என்ன? சசி தரூர் பிரபலமாக்கிய சொல்லுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் என்ன சம்பந்தம்?

2017ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி இரவு நீங்கள் ட்விட்டரில் இருந்திருந்தால் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு எம்.பி. தன்னைப் பற்றிய டி.வி. நிகழ்ச்சியை மறுத்து, கோபமாக ஒரு ட்வீட் போடுகிறார். படித்தவர்கள் அவர் எதை மறுக்கிறார் என்று கேட்கவில்லை. நேராக டிக்‌ஷனரிக்குப் போனார்கள்.

அந்த எம்.பி., திருவனந்தபுரம் தொகுதியின் சசி தரூர். அவர்களைத் தேட வைத்த சொல் ‘ஃபராகோ’. ஆங்கிலத்தில் எஃப், ஏ, இரண்டு ஆர், ஏ, ஜி, ஓ. இந்தியாவிலிருந்து இந்தச் சொல்லைத் தேடுபவர்களின் எண்ணிக்கை திடீரென்று எகிறியிருப்பதாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ட்விட்டர் பக்கமே அறிவிக்க வேண்டி வந்தது. அதன்பிறகு மீம்ஸ், ஸ்டாண்ட்-அப் காமெடி, ‘தரூர் மாதிரி இங்கிலீஷ் பேசுவது எப்படி’ வீடியோக்கள் என்று அது தனிக்கதையாகப் போனது.

இத்தனை வருடம் கழித்தும் ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது புரியாத ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்து விட்டால், ‘என்ன பாஸ், தரூர் ஆயிட்டீங்க?’ என்று கேட்கிறோம். சரி, அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன அர்த்தம்? எங்கிருந்து வந்தது? நீங்கள் பயன்படுத்தலாமா?

அந்த ட்வீட்டில் என்ன இருந்தது?

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மே 6ஆம் தேதிதான் ரிபப்ளிக் டி.வி. ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. இரண்டே நாளில், தரூரின் மனைவி சுனந்தா புஷ்கர் 2014 ஜனவரியில் டெல்லி ஹோட்டல் ஒன்றில் இறந்தது பற்றிய நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதற்கான பதில்தான் அந்த ட்வீட். சேனலின் பெயரோ தொகுப்பாளரின் பெயரோ அதில் இல்லை. திரித்தல்கள், தவறான சித்திரிப்புகள், அப்பட்டமான பொய்கள் ஆகியவற்றின் எரிச்சலூட்டும் ‘ஃபராகோ’வை, பத்திரிகையாளர் வேடம் போட்ட கொள்கையற்ற ஷோமேன் ஒருவர் ஒளிபரப்புகிறார் என்பதுதான் அதன் சாரம். அந்த மாதமே டெல்லி உயர் நீதிமன்றத்தில் அர்னாப் கோஸ்வாமி மீதும் சேனல் மீதும் தரூர் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். சுனந்தா மரண வழக்கில் 2021 ஆகஸ்டில் டெல்லி நீதிமன்றம் தரூரை விடுவித்தது. அதை எதிர்த்து டெல்லி போலீஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

இதில் தரூர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘ஃபராகோ’வுக்குப் பின்னால் திரித்தல், தவறான சித்திரிப்பு என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்தச் சொற்றொடரை, கிட்டத்தட்ட அதே வடிவத்தில், பத்திரிகையாளர் மெஹ்தி ஹசன் 2013ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் விவாதத்தில் பயன்படுத்தியிருந்தார். ட்விட்டர்வாசிகள் அந்த வீடியோவையும் தோண்டி எடுத்தார்கள்.

மாட்டுத் தொட்டியிலிருந்து வந்த சொல்

அகராதி அர்த்தம் எளிமையானது. சம்பந்தமில்லாத பல விஷயங்கள் தாறுமாறாகக் கலந்து கிடக்கும் கலவை. ஆனால் அதன் ருசி பிறந்த இடத்தில் இருக்கிறது.

லத்தீனில் ‘ஃபார்’ என்றால் ஒரு வகைக் கோதுமை. ரோமானியர்களின் பழைய தானியம் அது. மணமக்கள் ‘ஃபார்’ மாவில் செய்த ரொட்டியைப் பகிர்ந்துகொள்ளும் திருமணச் சடங்கு ஒன்று ரோமாபுரி மேட்டுக்குடிகளிடம் இருந்தது என்றால், அதற்கிருந்த மரியாதையைப் புரிந்துகொள்ளலாம். மாவு என்று பொருள்படும் ‘ஃபரீனா’வும் இதே குடும்பம்தான்.

மனிதர்களுக்கு ‘ஃபார்’ என்றால், மாடுகளுக்கு ‘ஃபராகோ’. மட்டமான தானியத்தையும் பயறு வகைச் செடிகளையும் கலந்து நெருக்கமாக விதைத்து, பச்சையாகவே அறுத்துப் போடும் கலப்புத் தீவனம். ரோமானிய வேளாண்மை நூல்களில் இது சாதாரணமாக வரும் சொல்.

அதைத் தீவனத் தொட்டியிலிருந்து இலக்கியத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜுவெனல். சுமார் 1,900 வருடங்களுக்கு முன் ரோமில் அங்கதக் கவிதைகள் எழுதியவர். தன் முதல் கவிதையிலேயே, மனிதர்களின் ஆசை, பயம், கோபம், கூத்து எல்லாம் சேர்ந்ததுதான் தன் புத்தகத்தின் ‘ஃபராகோ’ என்கிறார். தன் எழுத்தையே மாட்டுத் தீவனம் என்று சொல்லிக்கொள்ளும் குசும்பு அவருக்கு இருந்தது. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வந்தது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். வந்ததும் குசும்பு போய் வசவாகிவிட்டது.

இங்கே ஒரு சுவாரஸ்யம். ‘கலவை’யைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு நிறையச் சொற்கள் உண்டு. பெரும்பாலும் எல்லாமே சமையல்கட்டுச் சொற்கள். ‘ஹாட்ஜ்பாட்ஜ்’ ஒரு குழம்பு. ‘கேலிமாஃப்ரி’யும் குழம்புதான். ‘பாஸ்டீஷ்’ இத்தாலியப் பணியார வகை ஒன்றிலிருந்து வந்தது. ‘பொட்பூரி’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நேர் அர்த்தம் ‘அழுகிய பானை’. அதுவும் பல இறைச்சி கலந்த ஒரு ஸ்பானிஷ் பதார்த்தத்தின் பெயரை மொழிபெயர்த்ததுதான். இவற்றில் எதைச் சொன்னாலும் யாரும் பெரிதாகக் கோபப்பட மாட்டார்கள். மனிதர் சாப்பிடும் கலவை அது. ‘ஃபராகோ’ மட்டும் மாட்டுத் தொட்டி. ‘நீ தட்டில் வைத்திருப்பதை மனுஷன் தின்ன மாட்டான்’ என்ற குத்தல் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்?

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. தரூரின் மக்களவைத் தொகுதி தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. மறுமுனையில் கழக்கூட்டம்; 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் அங்கேதான் இருக்கிறது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களும் அங்கே உண்டு. எல்லையின் இரண்டு பக்கமும் கல்யாணப் பந்தியில் அவியல் இல்லாமல் இருக்காது. அதனால் ‘ஃபராகோ’ என்றதும் பலருக்கு ‘அவியல்’ ஞாபகம் வரும். ஆனால் அவியலில் வாழைக்காய், முருங்கைக்காய், சேனை என்று ஒவ்வொன்றும் ஒரு கணக்கோடு சேர்கிறது, கடைசியில் தேங்காய் அரைப்பு எல்லாவற்றையும் கோர்த்துவிடுகிறது. அவியலைத் திட்டுச் சொல்லாக்கினால் குமரி மாவட்டத்துக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். ‘கதம்பம்’ என்றால் பூவும் சாதமும்தான் மனசில் வருகிறது. அதுவும் நல்ல சொல்.

பொருத்தமான சொல் ஒன்று நம் வாயில் தினமும் புரள்கிறது. கூளம். ‘குப்பை கூளம்’ என்று ஜோடியாகச் சொல்லிச் சொல்லி, அது தனியாக என்ன என்பதை மறந்தே விட்டோம். களத்தில் நெல்லடித்து, நீள வைக்கோலைப் போராக ஏற்றிய பிறகு தரையில் மிஞ்சும் நொறுங்கிய துண்டுகளும் சருகும் பதரும் சேர்ந்தது கூளம். அள்ளி மாட்டுக்கு முன்னால் போடுவார்கள். அங்கிருந்து மெல்ல நகர்ந்து, வீட்டு மூலையில் சேர்வது, வேண்டாதது, கழிவு என்ற அர்த்தத்துக்கு வந்து சேர்ந்தது. ரோமில் ‘ஃபராகோ’ நடந்த அதே பாதை. இரண்டுக்கும் மொழித் தொடர்பு எதுவும் கிடையாது. மாடு வளர்த்த இரண்டு சமூகங்கள் தனித்தனியாக ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இந்த மாதிரிச் சொற்களைத் தேட இன்றும் நாம் புரட்டுவது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். அதன் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை, பிற்காலத்தில் இதே திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். சொல்லாராய்ச்சி இந்த ஊருக்குப் புதிதில்லை.

‘புளுகு மூட்டை’ என்றே சொல்லியிருக்கலாமே?

நியாயமான கேள்வி. ‘எல்லாம் பொய்’ என்று இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். எதற்கு இவ்வளவு பில்டப்?

ட்வீட்டை நிதானமாகப் பார்த்தால், அவர் மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறார். அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது உங்கள் வேலைக்கும் தேவைப்படும் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலாவது திரித்தல். அடிப்படைத் தகவல் உண்மைதான், ஆனால் வளைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் மெயிலில், ‘ரிலீஸ் வெள்ளிக்கிழமை கஷ்டம், டெஸ்டிங்குக்கு இன்னும் ஒரு ஆள் கொடுத்தால் முடியும்’ என்று எழுதுகிறீர்கள். மேலிடத்துக்குப் போகும்போது அது ‘ரிலீஸ் கஷ்டம்னு அவரே சொல்லிட்டார்’ என்று ஆகிறது. நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுக்க முடியாது. சொன்னீர்கள். பாதி போய்விட்டது.

இரண்டாவது தவறான சித்திரிப்பு. இது சட்டச் சொல்லும்கூட. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 18ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. போதிய ஆதாரமில்லாமல் ஒருவர் ஒரு தவறான தகவலை உறுதியாகச் சொல்கிறார். அது உண்மை என்று அவரே நம்பியிருந்தாலும் இந்தப் பிரிவில் வரலாம். தெரிந்தே, ஏமாற்றும் நோக்கத்தோடு சொன்னால் அது 17ஆவது பிரிவின் மோசடி. சட்டம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இரண்டையும் தனித்தனி அறையில் வைத்திருக்கிறது.

மூன்றாவதுதான் பொய். ஆதாரத்தைக் காட்டினால் அதன் கதை முடிந்தது.

இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முழுப் பொய்யை மறுப்பது சுலபம். கலவையை மறுக்கப் போனால், ‘அப்போ அந்த முதல் பாயின்ட் உண்மைதானே?’ என்று ஒருவர் கேட்பார். ஆமாம் என்று சொன்ன நொடியிலேயே நீங்கள் பாதி தோற்றுவிடுவீர்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் வரும் ஃபார்வர்டுகளோடு சண்டை போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதில் வரும் ஊர் நிஜம், போட்டோ நிஜம், தேதி வேறு, நடந்தது வேறு. ‘புளுகு மூட்டை’ என்றால் உள்ளே அத்தனையும் புளுகு. ‘ஃபராகோ’ என்றால் கலப்படம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். தரூர் சொன்னது சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் அவர் சொல்ல நினைத்ததற்கு அந்தச் சொல் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

அவரும் இதைத்தான் வாதாடினார். 2017 டிசம்பரில், தன் பாணியைக் கேலி செய்பவர்களுக்குப் பதிலாக, துல்லியமாகத் தெரிவிப்பதே தன் நோக்கம், கருத்துக்குப் பொருத்தமான சொற்களையே தேர்ந்தெடுக்கிறேன், ‘ரோடமான்டேட்’ ஆன சொற்களை அல்ல என்று ட்வீட் செய்தார். உடனே எல்லாரும் ‘ரோடமான்டேட்’ என்றால் என்ன என்று தேடக் கிளம்பினார்கள்! தற்பெருமைப் பேச்சு என்று பொருள். இத்தாலியக் காவியங்களில் வரும் ரோடமான்டே என்ற வாய்ச்சவடால் அரசனின் பெயரிலிருந்து வந்தது. எளிமைக்கு வக்காலத்து வாங்கும் வாக்கியத்திலேயே இப்படி ஒரு சொல்லை வைத்தது தெரியாமல் நடந்தது என்று நான் நம்பவில்லை.

சொல் ஜெயித்தது, விஷயம் என்ன ஆச்சு?

என் பார்வையில் இந்தக் கதையின் சோகமான பகுதி இதுதான். மனைவியின் மரணத்தை வைத்துத் தன்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளை மறுத்து ஒருவர் போட்ட ட்வீட், தேசிய ஜோக்காக மாறியது. சேனல் சொன்னதில் எது திரித்தல், எது பொய் என்று கேட்டவர்கள் குறைவு. அவ்வளவு துல்லியமான சொல், கேட்பவருக்குத் தெரியாததாக இருந்ததால், மறுப்பையே விழுங்கிவிட்டது. இதை அவர் எதிர்பார்த்தாரா தெரியாது. பின்னாளில் இந்த இமேஜை அவர் ரசித்தே பயன்படுத்தினார். 2018 அக்டோபரில் பிரதமர் மோதி பற்றிய தன் புத்தகத்தை அறிவிக்கும்போது, ‘ஃபிளாக்ஸிநாஸிநிஹிலிபிலிஃபிகேஷன்’ என்ற 29 எழுத்துச் சொல்லை இறக்கினார். எதையும் மதிப்பற்றது என்று ஒதுக்கித் தள்ளுவது என்று அர்த்தம். கம்பளித் துணுக்கு, அற்பம், சூன்யம், முடி என்று பொருள்படும் நான்கு லத்தீன் சொற்களை ஒட்டி, பழைய பிரிட்டிஷ் பள்ளிக்கூட லத்தீன் இலக்கணப் பாடத்தை வைத்து யாரோ விளையாட்டாகச் செய்த சொல் அது. 1741ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் முதலில் பதிவாகியிருக்கிறது. நாலாவதாக வரும் ‘முடி’யைப் பார்த்ததும் நம் ஊர் வசவு ஒன்று ஞாபகம் வந்தால் தப்பில்லை, கருத்து அதேதான். 2020இல் இப்படிப்பட்ட 53 சொற்களைத் தொகுத்து ‘தரூரோசாரஸ்’ என்று புத்தகமே போட்டுவிட்டார்.

அரசியல்வாதிக்கு இது பிராண்ட். 2009 முதல் 2024 வரை நான்கு முறை அதே தொகுதியில் ஜெயித்தவருக்கு, சொல் புரியவில்லை என்பதால் பெரிய நஷ்டம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் வேறு சிலருக்குப் புரியாத ஆங்கிலத்தின் விலை அதிகம்.

அந்த ட்வீட்டுக்கு ஒரு மாதம் முன்பு, 2017 ஏப்ரலில், உச்ச நீதிமன்றம் ஒரு வாடகை வழக்கில் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. காரணம்? அதன் ஆங்கிலம் நீதிபதிகளுக்கே புரியவில்லை. 2021 மார்ச்சில் அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பைப் படித்த உச்ச நீதிமன்ற அமர்வில், படித்து முடித்தபின் தலைக்கு டைகர் பாம் தேய்க்க வேண்டியிருந்தது என்ற அளவுக்குப் பேச்சு வந்தது. நீதிபதிகளுக்கே அந்தக் கதி என்றால், அந்த வழக்கில் வீடு போகுமா நிற்குமா என்று காத்திருந்தவர் என்ன புரிந்துகொண்டிருப்பார்?

நீங்கள் பயன்படுத்தலாமா?

படிக்கும்போது புரிவது அவசியம். ஆங்கிலத் தலையங்கங்களிலும் புத்தக விமர்சனங்களிலும் இது வரும் சொல்தான். எழுதும்போது யாருக்கு எழுதுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டீம் மெயிலில், ‘திஸ் ரிப்போர்ட் இஸ் எ ஃபராகோ’ என்று எழுதினால் இரண்டு ஆபத்து. புரியாதவர் கூகுள் செய்வார். புரிந்தவர் ஹெச்.ஆர். போவார். ‘இதில் மூன்று எண்கள் தவறு, ஒரு எண் போன வருடத்தினுடையது, முடிவு இவற்றிலிருந்து வரவில்லை’ என்று எழுதினால் ரிப்போர்ட் திருந்தும்.

பயன்படுத்தியே தீருவேன் என்றால் சில விஷயங்கள். ‘எ ஃபராகோ ஆஃப்’ என்று தொடங்கி, என்னென்ன கலந்திருக்கிறது என்று பன்மையில் சொல்வதுதான் வழக்கம். ‘எ ஃபராகோ ஆஃப் ரூமர்ஸ் அண்ட் ஹாஃப்-ட்ரூத்ஸ்’ என்பது போல. மனிதர்களை இந்தச் சொல்லால் குறிப்பதில்லை. கதை, வாதம், அறிக்கை போன்றவற்றுக்குத்தான் பொருந்தும். பாராட்டவும் உதவாது. ‘யுவர் வெட்டிங் வாஸ் எ ஃபராகோ ஆஃப் கலர்ஸ்’ என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

பிரிட்டிஷ்காரர்களே செய்யும் ஒரு தவறும் உண்டு. ஒரு நிகழ்ச்சி சொதப்பினால் ‘வாட் எ ஃபராகோ’ என்கிறார்கள். அவர்கள் சொல்ல நினைப்பது ‘ஃபியாஸ்கோ’. சத்தம் ஒன்று போல இருப்பதால் வரும் குழப்பம். சர்வர் டவுன் ஆகி லாஞ்ச் ஊற்றிக்கொண்டால் அது ஃபியாஸ்கோ. அதற்கு யார் காரணம் என்று மறுநாள் வரும் விளக்க மெயில் வேண்டுமானால் ஃபராகோவாக இருக்கலாம்.

உச்சரிப்பு: அழுத்தம் நடுவில், ஃப-ரா-கோ. அமெரிக்கர்களில் சிலர் ஃப-ரே-கோ என்பார்கள், அதுவும் அகராதியில் உண்டு. பன்மையில் எழுதும்போது கடைசியில் எஸ் மட்டும் சேர்க்கலாம், இ-எஸ்ஸும் சேர்க்கலாம். இரண்டும் சரி.